ஆளுக்கொரு காது

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டு அந்த அக்காவுக்கு. ஹவுஸ்கீப்பிங் நீலக் கோட்டு, பெரிய மூக்குத்தி. தண்டலம் தாண்டியதும் போனில் பாட்டைப் போடுவார். இயர்போனில் ஒன்று காதில், மற்றது கைக்குள் பொத்தியிருக்கும். ஒருநாள் அதை என்னிடம் நீட்டினார். டிரம்ஸ் இடிக்கிற, அந்தக் காலத்து இங்கிலீஷ் ராக் ஆல்பம்.

“இன்னாக்கா இது, காது கிழியுது!”

“பொறு தம்பி, குண்டான் அடியிலதான் கறி கீது. இப்போ சர்ச்சுல வாசிக்கிற ஆர்கன் வரும். முன்னூறு வருசத்துப் பழைய மெட்டாம். அத எடுத்து இந்தக் கலாட்டாவுல சேத்துகீறாங்கன்னு எம்புள்ள சொல்லுவான்.”

வந்தது. அடைமழை ஓய்ந்தாற்போல் இருந்தது.

மகனும் இதே பஸ்தானாம். ஆளுக்கொரு காதில் மாட்டிக் கேட்பார்களாம். போன ஆடியில் ஒரு லீவு நாள், பைக்கில் போனவனை லாரி அடித்துக் கொன்றுவிட்டது.

ஒரகடம் வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டார்.

“நல்லாத்தானே போய்க்கினு இருந்துச்சு? மீதியும் கேளுங்கக்கா.”

“இங்க கீற பிளாண்ட்டுலதான் அவனுக்கு வேல, இங்கதான் எறங்குவான். இதுக்கு மேல இன்னா வரும்னு அவன் சொன்னதில்ல தம்பி.”

அந்த ஆல்பத்தை அறையில் தேடிப்பிடித்துப் போட்டுப் பார்த்தேன். ஒரகடம் வரைக்கும்தான் என்னாலும் கேட்க முடிந்தது.