பிள்ளைக்காம்பரா ஜன்னலடியில் ஜீவராணி

வீரம்மா சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கலியாணமாகாத பெண்ணுக்குப் பிள்ளைக்காம்பராவில் என்ன வேலை என்று பீலியில் தண்ணீர் பிடிக்கிற நேரம் பார்த்துக் கேட்கிறாளே, அந்த வாய்க்கு ஒரு மூடி வேண்டாமா? தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் எங்கள் தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது அந்த ஜன்னலடியில் மட்டும். அதற்காகத்தான் ஜீவராணி மடியில் கம்ப்யூட்டரோடு அங்கே போய் உட்கார்ந்தாள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பரா அழகுமுத்துவின் மகள் ஜீவராணி. கொட்டகலையில் படித்து, கொழும்பில் கம்ப்யூட்டர் படிப்பும் முடித்துவிட்டு வந்திருந்தாள். இரண்டாயிரத்து எட்டு கடைசியில் கொழும்புக் கம்பெனி ஒன்று அவளிடம் ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்தது. சரியாக முடித்தால் உத்தியோகம். முடிக்காவிட்டால் என்ன என்பதை அழகுமுத்து சொல்லிவிட்டான்: "பொங்கலுக்குள்ள வேல கெடைக்கலேன்னா கொழுந்துக்கு ஒம்பேரப் பதிஞ்சிருவேன். அப்புறம் அழாத."

என்ன வேலை என்று நானும் கேட்டேன்.

"ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ள நூறு கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி பண்ணலாம் அம்மாயி. தொட முடியாது. ஆனா வேல செய்யும்."

"பேய் மாதிரியா?"

"பேய் சொன்னதக் கேக்காது. இது கேக்கும்."

வேர்ச்சுவல் மெஷின் என்று பெயராம். கூட்டம் கூட்டமாக வைத்திருப்பார்களாம். இந்தக் கூட்டத்தில் இத்தனை மெஷின், இன்ன பலத்தில் வேண்டும் என்று இன்டர்நெட் வழியாக உத்தரவு வரும். அந்த உத்தரவு எப்படி இருக்க வேண்டும், அதற்கு என்ன பதில் போக வேண்டும் என்று வகுப்பதுதான் அவள் வேலை. வெப் ஏபிஐ என்பாள்.

"இல்லாத மெஷினுக்கு இவ கங்காணியாம்!" என்றாள் வீரம்மா. லயமே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன். அது வேறு விஷயம்.

ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டாள். 'இன்னும் பத்து மெஷின் கொடு' என்று உத்தரவு போகும். அந்த நேரம் பார்த்து மலையை மூடிக்கொண்டு பனி இறங்கும், சிக்னல் அறுந்துவிடும். உத்தரவு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் மறுபடி அனுப்பினால், அங்கே இருபது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். இதைத் தீர்க்காமல் எங்களிடம் வராதே என்றுவிட்டது கம்பெனி. பொங்கலோ நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஒரு மத்தியானம் வீரம்மா வைதுகொண்டே மலையிலிருந்து இறங்கி வந்தாள். காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டில் ஏழாம் நம்பர் மலைக்குப் பத்துப் பேரை அனுப்பு என்று ஒரு கங்காணியிடம் சொல்லியிருக்கிறார், கங்காணிகளுக்கு மேலே இருக்கிற கண்டாக்கு ஐயா. அந்த ஆள் இருமிக்கொண்டே போய்விட்டான். காதில் விழவில்லை போலும் என்று இன்னொரு கங்காணியிடமும் அதையே சொன்னார். இரண்டு பேருமே ஆளுக்குப் பத்துப் பேரை ஏற்றிவிட்டார்கள்.

"ஒரு நெரையில ரெண்டு பேரு! இடிச்ச இடியில எங் கூடை கவுந்து போச்சு! மலையில எத்தன பேரு நிக்கிதுன்னு பாக்க எவனுக்கும் கண்ணு இல்லையா?"

ஜீவராணி துள்ளி எழுந்து வீரம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வீரம்மா பயந்துபோய், "விடுடி! புள்ளைக்கு என்னமோ புடிச்சிருச்சு!" என்று கத்தினாள். அன்று மாலைக்குள் அந்தச் செய்தி கீழ் லயம்வரை போய்விட்டது.

இவளோ ஜன்னலடிக்கு ஓடி உத்தரவையே மாற்றி எழுதினாள். 'இன்னும் பத்து கொடு' என்று இனி யாரும் கேட்க முடியாது. 'இந்தக் கூட்டத்தில் பத்து இருக்க வேண்டும்' என்றுதான் கேட்க வேண்டும். அங்கே இருக்கிற பெரிய கம்ப்யூட்டர் எண்ணிப் பார்த்து, குறைந்தால் கூட்டும். சரியாக இருந்தால் சும்மா இருக்கும். நூறு தடவை சொன்னாலும் பத்துதான். பனி இஷ்டத்துக்கு இறங்கட்டும்.

பொங்கலுக்கு முன்பே கம்பெனி அவளைக் கூப்பிட்டுவிட்டது. அழகுமுத்துவே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் றொசல்ல ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தான். ஜீவராணி வாசல்படி தாண்டும்போது வீரம்மா ஓடி வந்தாள்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணுடி. மறந்துராத, போன் பண்ணு. கேக்குதா? போன் பண்ணு!"

"எத்தன வாட்டி சொன்னாலும் ஒரு போன்தான் அத்தை," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.