அம்மாவின் முதுகுத் தண்டும் நான் ஊற்றிய வெந்நீரும்

பிள்ளைகளே, உங்கள் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்றுதான் உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அது பொய். அந்தப் பொய்யால் சின்னவள் மூன்று மாதம் அம்மா பக்கத்திலேயே போகவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அப்போது அம்மா தினமும் நம் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்வந்தாள். ஒருநாள் வந்து, "இன்னாங்க, மிஷின் பெடல் மேல கால் இருக்குதா இல்லியான்னு குனிஞ்சி பாத்தாதான் தெரியுது. குனிஞ்சா முதுகுல கரண்ட் அடிக்குது" என்றாள். வயிற்றைச் சுற்றித் துண்டால் இறுக்கிக் கட்டியது போல இருக்கிறது என்றும் சொன்னாள்.

நான் ஒயர்மேன். "என்னை அடிக்க வேண்டிய கரண்ட் உன்னை ஏன் அடிக்குது?" என்று சிரித்தேன். ரயிலில் நின்றுகொண்டே வருகிற அலுப்பு என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவள் பின்னால் வந்து அம்மா இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டினாள். "தொடாதடி!" என்று அம்மா அலறினாள். அப்படி அவள் கத்தி நீங்கள் கேட்டதே இல்லை.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில், ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு இடுப்பு பிடித்தாலும் கால் மரத்தாலும் வெந்நீர்தான் மருந்து. அன்று சாயங்காலமே நானும் அண்டா நிறையக் காய வைத்து, அவளைப் பாத்ரூமில் உட்கார வைத்து இடுப்பில் ஊற்றினேன். "போதுங்க, கால் தொவளுது" என்றாள். "சும்மா இரு, நரம்பு எளகுது" என்று இன்னும் நாலு சொம்பு ஊற்றினேன். எழுந்தவள் இரண்டு காலும் மடங்கி அப்படியே சரிந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த சின்னவள் அம்மா விழுந்து கிடந்ததை மட்டும்தான் பார்த்தாள்.

தூக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, சின்னவளை வெளியே அனுப்பிவிட்டு, "இன்னாப்பா, பொண்டாட்டி இன்னா கோழியா, வெந்நீர்ல முக்கி எடுக்கிற?" என்றார். உடம்பு ஆறிய பிறகு கால் கொஞ்சம் அசைந்தது.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்றார் டாக்டரம்மா. தலையிலிருந்து காலுக்குப் போகிற சேதியெல்லாம் முதுகுத் தண்டு வழியாகத்தான் இறங்கவேண்டும். அதிலுள்ள நரம்புகளுக்கு ஒயருக்கு இருப்பதுபோல மேலுறை உண்டு. நம்மைக் காக்க வேண்டிய உடம்பே ஆள் தெரியாமல் அந்த உறையைத் தின்றுவிட்டதாம். சேதி பாதியிலேயே தேய்ந்துபோகிறது. காலிலிருந்து மேலே வருகிற சேதியும் தப்பும் தவறுமாக வருகிறது.

வெந்நீர் விஷயத்தையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். "நோய் அதால வரல. உறை போன நரம்புக்குச் சூடு ஆகாது, அவ்வளவுதான்" என்றார். அதனால் வெயிலில் அம்மா தடுமாறினால் பயப்படாதீர்கள். நிழலில் உட்கார வைத்து ஈரத்துண்டு கொடுங்கள்.

மருந்து ஏற்றியதில் கால் ஓரளவு திரும்பியது. முழுசாகத் திரும்பவில்லை. வேலையை விட்டாள்.

ஒருநாள் சின்னவள் என்னிடம் வந்தாள். "நைனா, நான் கிச்சுகிச்சு மூட்டினதாலதான அம்மா முதுகு போச்சி?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானேதான் பாத்தேன்ல?"

என் வெட்கத்துக்கு மூடி போட்டேன். அதன் பாரத்தைக் குழந்தை தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறது. உட்கார வைத்து வெந்நீர் கதை முழுவதையும் சொன்னேன். அவள் நம்பவில்லை. நேரே அம்மாவிடம் போய், "நெசமாம்மா?" என்றாள்.

"உங்க நைனா ஊத்துன ஊத்துக்கே நான் ஒண்ணும் ஆவல. உன் சுண்டு வெரலுக்கா ஆவப்போறேன்? வாடி இங்க."

கிட்டே போய் உட்கார்ந்தாள். கை மட்டும் மடியிலேயே இருந்தது. அம்மாதான் அதை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்தாள். "பட்டும் படாம தொட்டாதான் எரியுது. நல்லா அழுத்திப் புடி."

அழுத்திப் பிடித்தாள். அம்மாவின் முகம் லேசாகச் சுளித்தது. ஆனாலும் கையை எடுக்கச் சொல்லவில்லை.