நாலாம் மாடிக் கூடை

காலை ஏழு மணி. ரொட்டிப் பலகையை இறக்கிவிட்டுச் சைக்கிள்காரன் அப்போதுதான் போயிருந்தான். மம்தூஹ் வீட்டுச் செருப்போடு மளிகைக்கடை வாசலில் வந்து நின்றான்.

"அம்மா போயிட்டாங்க ஷெஹாத்தா. தூக்கத்துலயே."

இன்னா லில்லாஹி என்று முணுமுணுத்த கடைக்காரர் ஷெஹாத்தா, பழக்கத்தில் நாலாம் மாடி பால்கனியை அண்ணாந்து பார்த்தார்.

அலெக்ஸாந்திரியாவின் அந்தத் தெருவில் யாரும் ரொட்டிக்காகப் படி இறங்குவதில்லை. கயிற்றில் கூடை இறங்கும், சாமான் ஏறும். தெருவே 'உம்மு மம்தூஹ்', மம்தூஹின் அம்மா, என்று கூப்பிடும் பஹீகாவும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான் வாங்கினாள். கணவன் போய்ச் சேர்ந்தான். மகள் சூயஸில் வாழ்க்கைப்பட்டாள். மகன் மம்தூஹ் விடிந்ததும் துறைமுகத்துக்குப் போனால் இருட்டித்தான் வருவான். அந்தத் தனிமையில்தான் மறதி நோய் வந்தது. கூடை வெறுமையாக இறங்கத் தொடங்கியது, ஒரு நாளைக்குப் பல முறை.

"என்ன வேணும் உம்மு மம்தூஹ்?"

"என்னைக் கேட்டா? கடை உன்னோடதுதானே, நீ சொல்லு!"

ஷெஹாத்தா ஒவ்வொரு தடவையும் ஓர் எலுமிச்சம்பழம் போட்டு அனுப்பினார். "ஊறுகாய்க் கம்பெனியா வெக்கப்போறேன்?" என்று மம்தூஹ் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான்.

போகப்போக ஷெஹாத்தாவுக்கு ஒன்று பிடிபட்டது. கயிற்றைப் பிடித்தபடி நின்று பேசினால் அவள் எதுவுமே கேட்பதில்லை. மீன் விலை, காற்று, யார் வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் என்று பேசுவார்கள். பக்கத்துக் காய்கறி வண்டிக்காரி இன்ஷிராஹும் சேர்ந்துகொள்வாள். பிறகு கூடை காலியாகவே மேலே போகும். அன்றைய சாப்பாடு அவளுக்கு ஒழுங்காக இறங்கும்.

ரமலானில் எல்லாம் கெட்டது. அரிசியும் எண்ணெயும் கட்டித் தானம் கொடுத்துக்கொண்டு வந்த வெளியூர்க்காரர் ஒருவர், தலைக்கு மேல் தொங்கிய வெறுங்கூடையைப் பார்த்தார். ஏழை வீடு என்று நினைத்து ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். மம்தூஹ் கடைக்கு வந்து கத்தினான்.

"கிரேன் ஓட்டறேன் நான்! என் அம்மா பிச்சைக்குக் கூடை விடறாங்கன்னு தெரு பேசணுமா?"

அன்றே கயிற்றை அறுத்துவிட்டான்.

அதற்குப் பிறகும் அவள் பால்கனியில் வந்து நின்றாள். இல்லாத கயிற்றைக் கைகள் மட்டும் விட்டுக்கொண்டிருந்தன. சில நாளில் அதுவும் நின்றது. பேச்சு குறைந்தது. ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொண்டாள். பெருநாளன்று ஷெஹாத்தா வலிக்கும் முழங்காலோடு நாலு மாடியும் ஏறினார்.

"அவங்க வாங்கறதுக்காகக் கூடை விடலப்பா. கீழ யாராவது இருக்காங்களான்னு பாத்தாங்க."

"ஏன், நான் இல்லையா?"

"நீ ராத்திரிக்குத்தான இருக்க."

 மறுநாள் மம்தூஹ் தானே புதுக் கயிறு கட்டினான். பஹீகாவின் கையில் கொடுத்தபோது அதை வைத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"கூடை இறங்கலேன்னா நாம ஏறுவோம்" என்றாள் இன்ஷிராஹ். ஒருவர் மேலே போனால் மற்றவர் கடையையும் வண்டியையும் பார்த்துக்கொண்டார். முதல் வாரம் பஹீகா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்ஷிராஹின் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு போகவிட மறுத்தாள். ஒரு மதியம் ஷெஹாத்தா கொடுத்த ரொட்டியை வாங்கித் தின்றாள்.

நேற்று, குளிர்காலத்துக்கு மாலையாகக் கோத்துக் காயவைக்கப் பிஞ்சு வெண்டைக்காயும் நூலும் ஊசியும் கொண்டுபோனாள் இன்ஷிராஹ். ஊசி குத்திவிடுமோ என்று பயந்துதான் கொடுத்தாள். பஹீகா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாளாம்.

"எனக்கா சொல்லித்தர்ற? நீ பொறந்தப்ப உன்னைக் குளிப்பாட்டினவளே நான்தான்டி."

"நான் தமன்ஹூர்ல பொறந்தவ, உம்மு மம்தூஹ்!"

"அங்கயும் வந்தேன்."

கீழே வந்து இதைச் சொல்லிச் சொல்லி இன்ஷிராஹ் சிரித்தாள். மூன்று மாதத்தில் பஹீகா முழுதாகப் பேசிய பேச்சு அதுதான்.

இன்று நண்பகல் தொழுகை முடிந்ததும் பஹீகாவை அடக்கம் செய்தார்கள். திரும்பி வந்தபோது கூடத்தில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஷெஹாத்தா தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனார். மேசைமேல் தட்டு இருந்தது. பாதி வெண்டைக்காய்தான் கோத்திருந்தது. ஊசி கடைசியாகக் கோத்த காயிலேயே நின்றது.