அருள்தாஸுக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை

உத்திரமேரூர்ப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் கான்ஸ்டபிளாக இருந்த அருள்தாஸுக்கு மகள் பிறந்து மாதங்கள் ஓடியும் ஞானஸ்நானம் நடக்கவில்லை. இருமுறை நாள் குறித்தும் அவரால் போக முடியவில்லை. தென்னேரியில் தாய்வீட்டில் இருந்த பாக்கியமேரி, "இந்த வாட்டியும் வரலன்னா எங்கண்ணனே புள்ளையத் தூக்கிக்கினு நிக்கட்டும்" என்று புருஷனுக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

பழைய சப்-இன்ஸ்பெக்டர் ஒரு தினுசு. கேட்டால் சிரித்துக்கொண்டே லீவு கொடுப்பார். நம்பிப் போனவன் திரும்பி வந்ததும் தண்டனையாக அவர் வீட்டு எருமையைக் குளிப்பாட்ட வேண்டும். அதனால் லீவு நாளன்றும் உடுப்பு மாட்டிக்கொண்டு ஸ்டேஷனில் தலையைக் காட்டுவதே பிழைக்கத் தெரிந்தவர்கள் வழக்கம். அந்த எரிச்சலெல்லாம் சந்தையில் அகப்பட்டவன் முதுகில் இறங்கும். நல்ல மனுஷர்களைக்கூட இப்படிக் கெடுத்து வைக்க முடியும்.

அவருக்குப் பின் வந்த சுப்பிரமணி, ஆளுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்றார். "சரிங்க எஜமான்" என்றார்கள் எல்லாரும். ஒருவரும் நம்பவில்லை. முதல் ஓய்வு அருள்தாஸுக்கு; அதுவும் ஞானஸ்நானத்துக்குக் குறித்திருந்த ஞாயிறன்றே வந்தது. காலையில் அவர் உடுப்போடு வந்து, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வாசலில் பாரா நின்றுவிட்டார்.

"இன்னிக்கு உனக்கு லீவுதானேய்யா?" என்றார் சுப்பிரமணி.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் எஜமான்."

"துப்பாக்கியத் தூக்கிக்கினா?"

உள்ளே இருந்த கான்ஸ்டபிள் இருசப்பனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னிக்கு அவரு புள்ளைக்குக் கோயில்ல பேரு வெக்கிறாங்க எஜமான். போனா பின்னாடி இன்னா ஆவுமோன்னு பயந்துக்கினு கீறாரு."

சுப்பிரமணியின் முகம் சுண்டிப்போயிற்று. துப்பாக்கியை வாங்கித் தன் தோளில் சாத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீ போவலன்னா இவங்கள்ல ஒருத்தனும் போவமாட்டான். கெளம்புய்யா, பஸ்ஸு போயிடும்."

தென்னேரிக் கோயிலுக்குள் காக்கி உடுப்பு நுழைந்ததும் பின்வரிசைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முன்னால் பாக்கியமேரியின் அண்ணன் தானியேல் குழந்தையோடு நின்றிருந்தார்.

"புள்ளைக்குத் தகப்பன் யாரு?" என்று கேட்டார் போதகர்.

"நான்தான் ஐயரே!" என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டே ஓடினார் அருள்தாஸ்.

பாக்கியமேரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சொல்லாம கொள்ளாம ஓடியாந்துட்டியா?"

"லீவு குடுத்தாங்க. எனக்குப் பதிலா எஜமானே பாரா நிக்கிறாரு."

"இத்தினி நாளா நீ சொன்ன பொய்ங்கள்ல இதான் பெரிசு" என்று குழந்தையை வாங்கி அவர் கையில் கொடுத்தாள். அருள்தாஸுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.