சும்மா விழுந்தவர்

என் கணவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். சும்மா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதற்கு மேல் ஒரு விளக்கம் அவரிடமிருந்து வாங்கியதாக எனக்கு நினைவில்லை. கோலா சுங்கை பாரு வரைக்கும் மோட்டாரில் போய் ஒரு கூடை மீனோடு வந்து நிற்பார். இவ்வளவு மீனை யார் ஆய்வது என்று கத்தினால், "சும்மா அந்தப் பக்கம் போனேன்மா" என்பார். மகள் பிறந்த அன்று குழந்தையைப் பார்க்க உள்ளே வந்தவரின் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. ஏங்க அழுதீங்களா என்றேன். "சும்மாதான்" என்றார்.

அந்தச் சொல் ஒருநாள் எங்கள் சோற்றிலேயே கை வைத்தது. அதில் பாதிப் பழி என்னுடையது. சொல்லித்தான் ஆகவேண்டும்.

அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு ஸ்டோர் வேலை. வேலை நேரத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்தார்கள். மூன்று மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, எழுதிக் கொடுத்தார். வேலையில் அடிபட்டவருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக ஓர் உதவித்தொகையும், சிகிச்சையும், தொழிலாளர் காப்பீட்டிலிருந்து கிடைக்கும். அதற்கென்று மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். என் சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுத் தவணையும் மகளின் காலேஜும் ஓடாது. அந்தக் காப்பீட்டைத்தான் மலை போல நம்பியிருந்தோம்.

தொழிற்சாலை ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஒரு தமிழ்ப் பெண். காப்பீட்டு விண்ணப்பப் பாரத்தை அனுப்பி, "அக்கா, எப்படி விழுந்தாருன்னு சொந்த வார்த்தையில மலாய்ல எழுதணும்" என்றாள். அவர் கையில் கட்டுப் போட்டிருந்ததால் நான் பேனா எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் மலாய்ப் பாடத்தில் நான்தான் முதல். எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்குப் பாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

"எப்படி விழுந்தீங்க?" என்றேன்.

"நடந்து போயிக்கிட்டிருந்தேன். சும்மா விழுந்துட்டேன்."

"சும்மா எப்படிங்க ஒரு ஆளு விழுவாங்க?"

"விழுந்துட்டேன்லா. எழுதும்மா."

சரி, மனுஷன் வாக்குமூலம், நாம் எதற்கு மாற்ற வேண்டும் என்று அப்படியே எழுதினேன். சும்மாவுக்கு மலாயில் சாஜா சாஜா. 'வேலை நேரத்தில் நான் சாஜா சாஜா விழுந்துவிட்டேன்.' எழுத்து முத்து முத்தாக இருந்தது. அவர் இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். அன்றைக்கு நான் ரொம்பப் பெருமையாகத் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கிராணிப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, நீங்க என்னாக்கா எழுதுனீங்க? அண்ணன் வேணும்னே விழுந்தாரான்னு காப்பீட்டு ஆபீஸ்ல கேக்குறாங்க! சாஜா சாஜான்னா விளையாட்டுக்கு, வேணும்னு செஞ்ச மாதிரிலா வரும்!"

நம் சும்மாவில் குற்றம் கிடையாது. மலாய் சாஜா சாஜாவில் ஆள் தெரிந்தே செய்கிறான். எத்தனை தடவை அந்தச் சொல்லை அந்தப் பொருளில் நானே பேசியிருப்பேன்! எழுதும்போது மூளை எங்கே மேயப் போனதோ. வேண்டுமென்றே விழுந்தவருக்கு உதவித்தொகை கிடையாது என்றாள். வேலையும் நிலைக்குமா தெரியாது. இருபது வருஷ வேலை.

அவரிடம் ஓடிப்போய் அழாத குறையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சும்மா விடும்மா, பாத்துக்கலாம்" என்றார். கையில் இருந்த துண்டை அவர் மேலேயே வீசினேன்.

மலாக்கா டவுனில் இருக்கும் அலுவலகத்துக்கு இருவரையும் வரச் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண் அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். என் முத்தான எழுத்தைக் கண்ணாடி வழியே ஒருமுறை, கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை படித்தார்.

"புவான், உங்கள் கணவர் பொழுதுபோகாமல் விழுந்தாரா?" என்று மலாயில் கேட்டார்.

இல்லை, இது இவருடைய வாய்வழக்கு, தமிழில் இப்படி ஒரு சொல் இருக்கிறது, நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"யார் மேல் தப்பு என்று நாங்கள் பார்ப்பதில்லை. வேலையில் நடந்ததா என்பதுதான் கேள்வி. அவர் தமிழிலேயே சொல்லட்டும். நீங்கள் மலாயில் சொல்லுங்கள். இந்த முறை சரியாக."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. இவரோ ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "வாயைத் தொறந்து ஒழுங்கா சொல்லுங்க. சும்மான்னு சொன்னீங்க, இங்கயே விட்டுட்டுப் போயிருவேன்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். "ஃபோர்க்லிஃப்ட்லருந்து எண்ணெய் ஒழுகிக் கெடந்துச்சு. கவனிக்கல, வழுக்கிருச்சு. அதை ஓட்டுற நேபாளத்துக்காரரு புதுசு. எண்ணெய்னு சொன்னா அவரைத்தான் திட்டுவாங்க. அதான் சும்மான்னு சொன்னேன்."

அடப்பாவி மனுஷா! ஊரானுக்குத் திட்டு விழக் கூடாதென்று என்னைப் பொய் எழுத வைத்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு மலாயில் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டே, விழுந்த பிறகு என்ன ஆனது என்று கேட்டார்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கை மேல அட்டைக்கட்டு சரிஞ்சு கெடந்துச்சு. கூப்பிட்டேன். மெஷின் சத்தத்துல யாருக்கும் கேக்கல. கை போச்சுன்னு நெனச்சேன். இனிமே இவ ஒருத்தியே எல்லாத்தையும் தூக்கணுமேன்னு அழுகையா வந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, "கடைசியில சொன்னதை அவங்ககிட்ட சொல்லாதம்மா" என்றார்.

கட்டு சரிந்ததையும் கூப்பிட்டதையும் மலாயில் சொன்னேன். அதோடு நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதிகாரி டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். வேறு ஏதாவது சொன்னாரா என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவுதான் புவான் என்றேன். அந்த அலுவலகத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. வேலையில் நடந்த விபத்தாக ஏற்றுக்கொண்டார்கள். உதவித்தொகையும் கைப்பயிற்சியும் கிடைத்தன. தாமானில் செய்தி பரவிவிட்டது. பாரம் நிரப்ப வருகிறவர்கள் இப்போது, "அக்கா, பார்த்து எழுதுங்கக்கா" என்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு எழுதிக் கொடுக்கிறேன்.

போன வாரம் அவர் ஹாலில் உட்கார்ந்து பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை வலது கையால் அழுத்திக்கொண்டிருந்தார். இன்னும் பாட்டில் மூடி திறக்க வராது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு ஆபீஸ்ல கடைசியா ஒன்னு சொன்னீங்களே, நெசமாவா?"

"எது?"

"அழுகையா வந்துச்சுன்னு."

பந்து நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை.

"சும்மா சொன்னேன்" என்றார். குரல் கம்மியிருந்தது.

இந்த முறை எனக்கு மொழிபெயர்ப்பு சரியாகவே வந்தது.