கோடை தாங்காத வேகம்

ரூசே நகர டிராலி பஸ் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்த அசென், தன் கம்ப்யூட்டரை ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி, சமையலறை மேசையில் வைத்துத் தானே மாட்டியவர். பத்து வருஷத்தில் மற்றவர்களெல்லாம் புது மெஷினுக்குப் போய்விட்டார்கள். அசென் போகவில்லை. பழைய பிராசசரையும் ரேமையும் கம்பெனி குறித்த வேகத்துக்கு மேலே ஏற்றிப் புதுசுகளோடு போட்டிக்கு விட்டார். வேக எண்ணைக் கொஞ்சம் கூட்டுவார், மெஷின் எழுந்திருக்கிறதா என்று பார்ப்பார், எழாவிட்டால் மின்னழுத்தத்தை ஓர் இழை ஏற்றுவார். இரண்டு குளிர்காலம் இப்படியே கழிந்தது. ஒரு ஜனவரியில் ரேம் சோதனையை முழு நாள் ஓட்டியும் ஒரு பிழைகூட வரவில்லை. அந்த எண்களைப் படம் எடுத்து இணையக் குழுவில் போட்டார். எழுபது பேர் பாராட்டி எழுதினார்கள். ஐம்பத்து மூன்று வயது வரை அவரை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

அவர் மனைவி தோன்கா பாலர் பள்ளி ஆசிரியை. முப்பது வருஷமாகக் குழந்தைகளுக்குக் கதை சொன்னவள். அந்த ஜனவரிக்கு மூன்று வருஷம் கழித்து, ஒரு வசந்தத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டியது கட்டியபடியே இருந்தது. ஜூனில் டாக்டர், புற்றுநோய், குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ப்ளோவ்திவ் நகரில் இருந்த மகள் கலினாவுக்கு அப்போது மூன்றாம் மாதம்.

"பொறக்கப்போற பிள்ளைக்கு எந்தக் குரல்ல கதை சொல்லுவேன்?" என்று தோன்கா ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு அவளே, "பதிவு பண்ணிடலாம். உன்னோட ராட்சச மெஷின் எதுக்கு இருக்கு?" என்றாள்.

ஜூலையில் ஒன்பது நாள் பதிவு செய்தார்கள். தெருச் சத்தம் வராமல் இருக்க ஜன்னலைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டார்கள். வெளியே நாற்பது டிகிரி. மைக்கில் இரைச்சல் விழுகிறது என்று கம்ப்யூட்டர் பெட்டியின் விசிறியையும் அசென் மெதுவாக்கினார். தோன்கா கம்மிய குரலில் கரடியாகப் பேசினாள், நரியாகச் சிரித்தாள், தாலாட்டுப் பாடினாள். நாலாம் நாள் பிழை காட்டும் நீலத்திரை வந்து மெஷின் தானாக அணைந்து எழுந்தது.

"வேகத்தக் கொறைச்சு வையேன், அசென். நான் என்ன பந்தயமா ஓடப்போறேன்? கதைதானே சொல்றேன்."

"மூணு வருஷமா ஓடுது. சூடு, அவ்வளவுதான். நீ சொல்லு."

பணிமனையில் கூட வேலை செய்த வெல்கோவும் வீட்டில் மெஷின் கட்டியவர்தான். அவரும் சொன்னார்.

"டேய், ஜனவரில பாஸானது ஜூலைலயும் பாஸாகும்னு யார் சொன்னா? ரேம் டெஸ்ட்ட இன்னொரு வாட்டி ஓட்டு."

"உன் மெஷின் கண்ணு முழிக்கவே அரை மணி ஆகுது. நீ எனக்குச் சொல்றியா?"

வெல்கோ சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

மொத்தம் நாற்பத்தொரு பதிவுகள். ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அசென் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருக்கிக் கட்டிவிட்டு மூலப் பதிவுகளை அழித்தார். கட்டிய கோப்பு திறக்கிறதா என்று திறந்து பார்க்கவில்லை.

செப்டம்பரில் தோன்கா கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு பால்கனியில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தபோது கலினா போன் செய்தாள்.

"அப்பா, பிள்ளைக்கு வயித்துக்குள்ள இருந்தே கேக்குமாம். அம்மா பதிவ அனுப்புங்கப்பா."

அசென் கோப்பைத் திறந்தார். கோப்பு சேதமாகியிருக்கிறது என்றது மெஷின். மறுபடி திறந்தார். அதையேதான் சொன்னது. நெட் சரியில்லை, பிறகு அனுப்புகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

அடுத்த மூன்று வாரம் பணிமனை விட்டு வந்ததும் அதே வேலை. தூசியை ஊதினார். பிராசசருக்குப் புதுப் பசை தடவினார். மெஷினுக்கு மின்சாரம் தரும் பழைய பெட்டியை எடுத்துவிட்டு வெல்கோவிடம் வாங்கி வந்த வேறொன்றை மாட்டினார். ஏதாவது ஒரு பாகம் கெட்டிருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாகவே இருந்தது. ரேம் பட்டைகள் இரண்டையும் தனித்தனியே சோதித்தார். ஜன்னலைச் சாத்தி, விசிறியை மெதுவாக்கி, ஜூலையில் இருந்த மாதிரியே ஓட்டியபோது ஒரு பட்டையில் பிழை என்று திரையில் சிவப்பு வரிகள் வந்தன. அதே பட்டையைக் கம்பெனி வேகத்துக்கு இறக்கி அதே சூட்டில் ஒரு நாள் முழுக்க ஓட்டினார். ஒரு பிழையும் இல்லை.

ரேம் நன்றாகத்தான் இருந்தது. அவர் ஏற்றி வைத்த வேகம்தான் சூட்டில் பதிவுகளைக் குதறியிருந்தது.

வெல்கோ வந்து தனக்குத் தெரிந்த மென்பொருளையெல்லாம் ஓட்டிப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அசெனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கடைசியில் மூன்று பதிவுகள் தேறின. இரண்டு முழுசு. மூன்றாவதில் கரடி ஆற்றங்கரைக்கு வந்ததோடு குரல் நின்றுவிட்டது.

அன்று மாலை தோன்காவிடம் சொன்னார். அவள் தன் நோட்டில் எழுதி அவர் பக்கம் தள்ளினாள். "நான் சொன்னேன்."

அசென் தலையாட்டினார். அவள் நோட்டைத் திரும்ப இழுத்து, "எத்தனை இருக்கு?" என்று எழுதினாள்.

"மூணு. மூணுல ஒன்னு பாதி."

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் அழுகைக்கு இப்போது சத்தம் கிடையாது.

விஷயம் தெரிந்த கலினா இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. பெண் குழந்தை பிறந்த அன்றுதான் பேசினாள். யானா என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் தோன்கா கதைகளை நோட்டில் எழுத ஆரம்பித்தாள். எழுதியதை அசென் உரக்கப் படிக்க வேண்டும். வேகமாகப் போனால் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்துவாள். எந்தக் கதையும் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. அவள் சொன்ன ஒன்பது நாளும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது சூடு காட்டும் எண்ணைத்தான். இதையும் அவளிடம் சொன்னார். அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

முப்பத்திரண்டு கதைகள் எழுதினாள். நோய் திரும்பி வந்தது. யானாவுக்கு மூன்று வயது முடிந்த மாதத்தில் தோன்கா போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு, பாட்டியின் பாதிப் பதிவைக் கேட்ட யானா போனில் கேட்டாள். "தாத்தா, கரடி ஆத்தத் தாண்டுச்சா?"

"பாட்டி எழுதி வெச்சிருக்காங்க கண்ணு. படிக்கட்டுமா?"

"நீங்க வேணாம். பாட்டி சொல்லட்டும்."

அசென் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார். குழந்தை கொஞ்சம் கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டது. மறுமுனையில் கலினா, "படிங்கப்பா, நான் கேக்கறேன்" என்றாள்.