சாவிக்கொத்தில் தொங்கிய கட்டர்

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்தில் குடித்தனம் வைத்த புதிது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆபீசில் எனக்கு வேலை. பஸ்ஸில் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிடுவேன். "சார், சத்திரம் வந்தாச்சு, எறங்குங்க" என்று கண்டக்டர் தோளைத் தட்டுவது தினசரி வழக்கம். ஆபீசிலும் ஃபைல் மேல் தூங்கி வழிந்து சாமியாட்டம்தான். வீட்டில் என் குறட்டை தெருவுக்கே கேட்கும். சிறு வயதில் படியில் விழுந்து மோவாயில் அடிபட்டதிலிருந்து என் கீழ்த்தாடை சரியாக வளராமல் உள்ளடங்கிப் போயிருந்தது. அதற்கும் இந்தத் தூக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் கண்டது?

சந்தேகப்பட்டவள் என் மனைவி. எங்கெங்கோ விசாரித்து, திருச்சி புத்தூரில் தாடை ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஒருவரைப் பார்க்கலாம் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கல்யாணமே ஆயாச்சு. இனிமே மோவாய் அழகா இருந்து என்ன ஆகணும்?"

"அழகுக்கு இல்லே. தூங்கறச்சே உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வரது. அடுத்த மூச்சு வரவரைக்கும் நான் முழிச்சுண்டு உக்காந்திருக்கேன்" என்றாள். மறுநாளே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு கிளம்பினேன்.

டாக்டரும் அதையே சொன்னார். தாடை பின்னால் இருப்பதால், படுத்ததும் நாக்கு தொண்டைப் பக்கம் சரிந்து மூச்சு வழியை அடைக்கிறது; தாடையை முன்னால் கொண்டுவந்தால் நாக்கும் கூடவே வரும் என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வெட்டி நகர்த்திய எலும்பு கூடும்வரை மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். முகம் வீங்கி, மூக்கும் அடைத்து, ஆரம்பத்தில் மூச்சு விடுவதே முன்னைவிடப் பெரும்பாடாக இருந்தது. என் மனைவி தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே என்னைத் தூங்க வைத்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளிடம் கம்பி வெட்டும் சின்னக் கட்டர் ஒன்றைக் கொடுத்தார். வாந்தி வந்து மூச்சடைத்தால் எந்தக் கம்பிகளை வெட்டவேண்டும் என்றும் காட்டினார். அவள் அதைச் சாவிக்கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "பெரிய சர்ஜன் வரா" என்று பல்லிடுக்கில் முனகிக் கேலி செய்வேன்.

மார்கழி மாதக் கூடாரவல்லிப் பண்டிகை அன்று பக்கத்துத் தெருவிலிருந்து என் அத்தை வந்தாள். கையில் பாலும் வெல்லமும் சேர்த்துக் குழைத்த, நெய் மிதக்கும் அக்காரவடிசல். எனக்காகவே அதை மசித்து, பால் விட்டு, வடிகட்டி எடுத்து வந்திருந்தாள். "பெருமாள் கண்டருளினதுடா. வேண்டாம்னு சொல்லப்படாது" என்றாள். பிரசாதத்தை மறுப்பது எங்கள் வீட்டில் கனவிலும் நடக்காது. கஞ்சியே குடித்துச் செத்துப்போயிருந்த நாக்குக்கு அது தேவாமிர்தம். குழாய் வழியே உறிஞ்சி முடித்து, இன்னொரு டம்ளரும் நானே கேட்டு வாங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் வாந்தி கிளம்பியது. வந்தது வெளியே போக வழியில்லை. மூக்கும் தொண்டையும் அடைத்துக் கண் இருட்டியது. அத்தை "பெருமாளே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி ஓடி வந்தாள்.

"குனியுங்கோ, நன்னா குனிஞ்சுக்கோங்கோ" என்று ஒரு கையால் என் தலையை அமுக்கி, உதட்டை விலக்கி, இடுப்பிலிருந்த கட்டரால் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். வாய் திறந்தது. எல்லாம் கொட்டியது. பிறகு வந்த அந்த முதல் மூச்சின் ருசியை எந்த அக்காரவடிசலும் தந்ததில்லை.

என் முகத்தைத் துடைத்து, தரையைக் கழுவி, அத்தைக்குத் தீர்த்தம் கொடுத்து ஆசுவாசப்படுத்திவிட்டு, சமையலறைக்குப் போய்த்தான் அழுதாள்.

"வெட்ட வேண்டியதை மட்டும் வெட்டியிருக்காங்க. தாடை அசையவே இல்லை" என்று டாக்டரே அசந்துபோய், மறுபடி கட்டிவிட்டார்.

கம்பி பிரித்த பிறகு குறட்டை போன இடம் தெரியவில்லை. "என்ன சார், ஒடம்பு சரியில்லையா? முழிச்சுக்கிட்டே வரீங்க" என்றார் கண்டக்டர். என் மனைவிதான் பழக்கதோஷத்தில் வெகுநாள் எழுந்து என் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது லேசாகக் குறட்டை விடுவது அவள். நடுவில் அந்தச் சத்தம் ஒரு கணம் நின்றாலும் எனக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது. அடுத்த மூச்சு வரும்வரை காத்திருக்கும்போதுதான், அந்த நாட்களில் பக்கத்திலேயே அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்பது எனக்கு உறைக்கிறது.